வாங்கியவர் பூட்டி வைக்கக் கூடாது!

அரும்பொருள்கள் கைமாறுகின்றன. 'பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்' என்ற நிபந்தனையும் கூடவே வருகிறது. அந்தப் பொதுமக்களில் பழவேற்காட்டு மீனவருக்கு இடம் உண்டா?

விடிந்தும் விடியாத நேரம். பழவேற்காடு ஏரிக்கரையில் படகுகள் ஒவ்வொன்றாக ஒதுங்குகின்றன. வலையிலிருந்து உதறிய இறால் கூடைக்குள் துள்ளுகிறது. நண்டுகளின் கொடுக்கை நூலால் கட்டிக்கொண்டே பெண்கள் விலை பேசுகிறார்கள். ஏலம் கூறுபவரின் குரல் ஏறுகிறது, இறங்குகிறது, முடிகிறது. ஐஸ் பெட்டிகள் வண்டியேறி, தெற்கே சென்னையை நோக்கிப் புறப்படுகின்றன.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். உள்ளே டச்சு மொழியில் எழுத்துகள், குடும்பச் சின்னங்கள், 17-ம் நூற்றாண்டுத் தேதிகள். ஊர்க்காரர்கள் தினமும் கடந்து போகும் இடம். தள்ளி, புதர் மண்டிய ஒரு மேடு. கெல்ட்ரியா என்ற கோட்டையில் எஞ்சியது அவ்வளவுதான்.

நானூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையிலிருந்து கப்பலேறியவை வேறு. சாயமேற்றிய கைக்குட்டைத் துணி, கட்டம் போட்ட லுங்கி, பூ வரைந்த பருத்தி விரிப்பு, வெடிமருந்து ஆகியவற்றோடு, ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பிடிக்கப்பட்ட மனிதர்களும் இங்கிருந்து பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போனார்கள். 1613-ல் கோட்டை எழுந்தது. 1690-ல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டல வணிகத்துக்குத் தலைநகரம் இந்த ஊர்தான். இங்கே அச்சிட்ட செப்புக்காசுகளில் கம்பெனியின் முத்திரை இருந்தது.

அந்தக் காலத்தின் மிச்சம் இன்று எங்கே? சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளைப் பார்க்க வேண்டுமென்றால் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். இல்லையேல் நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் உள்ள ஃப்ரீஸ் அருங்காட்சியகத்துக்கு. கம்பெனிக் காசுகள் ஏலச் சந்தையில் சேகரிப்பாளர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஆவணங்கள் ஹேக் நகரிலும், நம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கிடக்கின்றன. ஊரில் நிற்பது பெயர்த்தெடுக்க முடியாத கல் மட்டும்.

வெளியே போனவை போன இடத்திலாவது நிலைத்து நிற்குமா என்றால், அதற்கும் உறுதி இல்லை. உலகெங்கும் அருங்காட்சியகங்கள் பணமுடையில் தங்கள் பொருள்களை விற்கின்றன. பழைய குடும்பங்கள் பரண்களைக் காலி செய்கின்றன. எதிர்ப்பு கிளம்பும்போது சொல்லப்படும் சமாதானம் ஒன்றுதான்: வாங்குபவர் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார். அந்த வாக்குறுதியை நம்பலாமா? எப்படி எழுதினால் நம்பலாம்? கடந்த சில ஆண்டுகளில் நடந்தவை பதிலைக் காட்டுகின்றன.

புத்தர் நகைகள் காட்டிய வழி

2025 மே 7. ஹாங்காங்கில் சதபீஸ் ஏல நிறுவனம் ஓர் ஏலத்துக்கு நாள் குறித்திருந்தது. விற்பனைக்கு வந்தவை பிப்ரவா நகைகள். புத்தரின் எலும்புத் துகள்கள் என்று நம்பப்படும் எச்சங்களோடு ஒரு தூபிக்குள் புதைக்கப்பட்டிருந்த மணிகள், ரத்தினங்கள், பொன் தகடுகள். இந்திய அரசு சட்ட அறிவிப்பு அனுப்பியது. பௌத்த நாடுகளிலிருந்து கண்டனம் எழுந்தது. ஏலம் நிறுத்தப்பட்டது.

ஜூலை 30-ம் தேதி, நகைகள் இந்தியா திரும்பிவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. வாங்கியது கோத்ரெஜ் இண்டஸ்ட்ரீஸ் குழுமம். ஒப்பந்தப்படி, பெரும்பகுதி ஐந்து ஆண்டுகளுக்கு டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்கு இரவலாகத் தரப்படும். முழுத் தொகுப்பும் தொடக்கத்தில் மூன்று மாதம் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்.

இங்கே விற்றது அருங்காட்சியகம் அல்ல, நகைகளைத் தோண்டியெடுத்தவரின் குடும்பம். ஆனால் இந்தியாவில் இவ்வளவு பெரிய அளவில் 'சொத்து தனியாருக்கு, காட்சி மக்களுக்கு' என்ற ஏற்பாடு பேசப்பட்டது இந்த முறைதான். சிதறிப்போக இருந்த தொகுப்பு ஒன்றாக வீடு திரும்பியது என்பது பெரிய வெற்றி. அதில் சந்தேகமே இல்லை.

அதே சமயம் கேட்க வேண்டிய கேள்வியும் உண்டு. ஐந்து ஆண்டு முடிந்தபின் என்ன? 'பெரும்பகுதி' என்றால் மீதிப் பகுதி எங்கே இருக்கும்? நகைகள் கிடைத்த பிப்ரவா கிராமத்துக்கு அவை ஒரு நாளாவது போகுமா? இன்று நல்ல மனத்தோடு வாங்கியவரின் வாரிசு நாளை விற்க நினைத்தால், நிபந்தனை புதியவரையும் கட்டுமா? வாங்குபவரின் பெருந்தன்மையை மட்டும் நம்பி நிற்கும் ஏற்பாடு, அந்தப் பெருந்தன்மையின் ஆயுள்வரைதான் நிற்கும்.

---
பெட்டிச் செய்தி: பிப்ரவா நகைகள்

• கிடைத்த இடம்: உத்தரப் பிரதேசத்தின் இன்றைய சித்தார்த்நகர் மாவட்டம், நேபாள எல்லைக்கு அருகே.

• தோண்டியவர்: ஆங்கிலேய எஸ்டேட் மேலாளர் வில்லியம் கிளாக்ஸ்டன் பெப்பே, 1898-ல்.

• பங்கீடு: எலும்புத் துகள்கள் சயாம் மன்னருக்குப் பரிசாகப் போயின. நகைகளில் பெரும்பகுதி கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்துக்கு வந்தது. ஒரு பங்கைப் பெப்பே வைத்துக்கொள்ள அன்றைய அரசு அனுமதித்தது.

• 2025-ல் விற்பனைக்கு வந்தது அந்தக் குடும்பப் பங்கு. 127 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா திரும்பியது.
---

நெதர்லாந்து சுட்டுக்கொண்ட கை

பழவேற்காட்டின் பொருள்களை அதிகம் எடுத்துச் சென்ற நாடு நெதர்லாந்து. எனவே, அங்கே அருங்காட்சியக விற்பனை எப்படி நடக்கிறது என்பது நமக்கு அயல்நாட்டுச் செய்தி அல்ல.

2011-ல் கௌடா நகர அருங்காட்சியகம் பணத்தேவைக்காக, மார்லீன் டூமாஸ் வரைந்த 'பள்ளிச் சிறுவர்கள்' என்ற ஓவியத்தை லண்டனில் ஏலம் விட்டது. கிடைத்தது சுமார் 10 லட்சம் பவுண்ட். மற்ற அருங்காட்சியகங்களிடம் முதலில் கேட்காமல் சந்தைக்கு எடுத்துப்போனது ஏன் என்று அந்த நாட்டு அருங்காட்சியகச் சங்கம் கொதித்தது. உறுப்பினர் பட்டியலிலிருந்தே நீக்கும் அளவுக்குப் பேச்சு போனது.

அடுத்து வந்தது டெல்ஃப்ட். இந்தோனேசியக் காலனி காலத்துப் பொருள்களை வைத்திருந்த நுசந்தரா அருங்காட்சியகம் 2013-ல் மூடப்பட்டது. சுமார் 18,000 பொருள்களை என்ன செய்வது? இம்முறை வரிசை வகுத்தார்கள். முதலில் நெதர்லாந்தின் பொதுத் தொகுப்புக்குத் தேவையானவை. பிறகு இந்தோனேசியாவுக்கு. அதன்பின் மற்ற அருங்காட்சியகங்களுக்கு. சந்தை என்பது கடைசிப் படி. பேச்சுவார்த்தை இழுத்தடித்தது. இந்தோனேசியா எல்லாவற்றையும் மொத்தமாக வாரிக்கொள்ள மறுத்து, தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுத்தது. இறுதியில் 1,500 பொருள்கள் ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தை அடைந்தன.

இந்த வரிசை நமக்கு முக்கியம். ஒரு டச்சு அருங்காட்சியகம் நாளை சோழமண்டலத் துணிகளையோ கம்பெனிக் காசுகளையோ வேண்டாமென்று முடிவு செய்தால், கேட்கப்படுபவர்களின் பட்டியலில் தமிழ்நாடு இருக்க வேண்டும். பட்டியலில் இடம் வேண்டுமென்றால், எங்கே என்ன இருக்கிறது என்று நாம் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்தோனேசியா பொறுக்கி எடுக்க முடிந்ததற்குக் காரணம், அங்கே கேட்க ஓர் அமைப்பு இருந்தது. வைக்க ஓர் இடம் இருந்தது.

நெதர்லாந்தின் மனமும் மாறிவருகிறது. காலனி காலத்தில் அபகரித்த பொருள்களைத் திருப்பித் தரும் கொள்கையை 2021-ல் அந்நாடு ஏற்றது. 2023-ல் இந்தோனேசியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்து 478 பொருள்களைத் தர ஒப்புக்கொண்டது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்த கண்டி பீரங்கி அந்த ஆண்டு டிசம்பரில் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆனால், கொள்ளையடித்ததற்கும் காசு கொடுத்து வாங்கியதற்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. பழவேற்காட்டுத் துணிகளில் பெரும்பாலானவை வணிகச் சரக்காகப் போனவை. அவற்றைத் திருப்பிக் கேட்பது கடினம். பார்க்கக் கேட்பதோ நியாயம். அதனால்தான் இந்த ஊருக்கு 'காட்சி நிபந்தனை' என்பது உரிமைப் போராட்டத்தைவிடவும் கைக்கெட்டும் வழியாகத் தெரிகிறது.

வாக்குறுதி எங்கே ஓட்டையாகிறது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பெர்க்‌ஷயர் அருங்காட்சியகம், 2017-ல் தன் ஓவியங்களை விற்கப் போவதாக அறிவித்தது. பட்டியலில் ஓவியர் நார்மன் ராக்வெல் தாமே அந்த அருங்காட்சியகத்துக்கு அன்பளித்த 'ஷஃபிள்டனின் முடிதிருத்தகம்' இருந்தது. ஊர் கொதித்தது, வழக்கு நடந்தது. 2018-ல் சமரசம்: அந்த ஓவியத்தை லூகாஸ் அருங்காட்சியகம் வாங்கும், மக்கள் பார்வையிலேயே வைக்கும், முதலில் சில காலம் அதே வட்டாரத்தில் உள்ள ராக்வெல் அருங்காட்சியகத்தில் தொங்கும்.

நிபந்தனை காப்பாற்றப்பட்டது. ஆனால் லூகாஸ் அருங்காட்சியகத்தின் ஊர் லாஸ் ஏஞ்சலிஸ். சொந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது வழியனுப்பும் அவகாசம் மட்டுமே. பொதுமக்கள் என்ற சொல் ஊர் மாறிவிட்டது.

இதைவிட மோசமானது இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் கதை. அந்த நகராட்சி 2014-ல் தன் அருங்காட்சியகத்தில் இருந்த செக்கெம்கா என்ற எகிப்தியச் சிலையை ஏலம் விட்டது. விலை 1.57 கோடி பவுண்டைத் தாண்டியது. காட்சி நிபந்தனை ஏதும் இல்லை. அருங்காட்சியகம் தன் அங்கீகாரத்தை இழந்தது. வாங்கியவர் பெயர்கூட ஊருக்குத் தெரியவில்லை. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய ஒரு சிலை, மக்களின் கண்ணிலிருந்து மறைந்துபோனது.

நம் நாட்டிலும் இப்படி ஒரு பாடம் உண்டு. லண்டன் ஏலத்தில் திப்பு சுல்தானின் வாளை வாங்கியதாக 2004-ல் விஜய் மல்லையா அறிவித்தபோது நாடே கொண்டாடியது. அதைத் தாம் கொடுத்துவிட்டதாக அவர் கூறியது 2018-ல் லண்டன் நீதிமன்ற விவகாரம் ஒன்றின்போது தெரியவந்தது. பணம் கொடுத்து மீட்டவரைப் புகழ்ந்த நாம், எங்கே வைப்பீர்கள் என்று எழுதி வாங்கவில்லை.

எழுதி வாங்கிய நாடு ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் அரிய கலைப்பொருளை வாரிசாகப் பெறுபவர், அதைப் பராமரித்துப் பொதுமக்கள் பார்க்க அனுமதித்தால், வாரிசு வரியிலிருந்து விலக்கு பெறலாம். பொருளின் விவரம் பொதுப் பட்டியலில் ஏறும். வாக்கை மீறினாலோ விற்றாலோ வரி பாய்ந்து வந்துவிடும். இதன் வலிமை கடைசி வரியில் இருக்கிறது: மீறினால் விலை கொடுக்க வேண்டும். அந்தக் கடைசி வரி இல்லாத எந்த நிபந்தனையும் வெறும் வாழ்த்துச் செய்திதான்.

அரசுப் பெட்டகமும் பூட்டுதானே?

தனியாரிடம் போனால் மறையும், அரசிடம் இருந்தால் மக்கள் பார்ப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

ஹைதராபாத் நிஜாமின் 173 நகைகளை 1995-ல் இந்திய அரசு 218 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. அவை ரிசர்வ் வங்கியின் பெட்டகத்துக்குப் போயின. இத்தனை ஆண்டுகளில் மக்கள் பார்வைக்கு அவை வந்த கண்காட்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் வரிப்பணத்தில் வாங்கியது, நம் பெயரில் இருக்கிறது, நாம் பார்க்க முடியவில்லை.

தமிழ்நாட்டின் திருமேனிகளைப் பாருங்கள். தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் 1976-ல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த நடராஜர் கடத்தப்பட்டு, லண்டன் போய், வழக்காகி, கோயிலே தன் இறைவனுக்காக வாதாடலாம் என்ற தீர்ப்போடு 1991-ல் நாடு திரும்பினார். உலகமே பேசிய வெற்றி அது. வந்தவர் பத்தூர் கோயிலில் நிலைக்கவில்லை. பாதுகாப்பு மையத்தின் பூட்டுக்குள் வைக்கப்பட்டார். திருட்டு பயம் உண்மையானது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் லண்டன் வரை வழக்காடியது, இறுதியில் இன்னொரு பூட்டைத் திறக்கக் கெஞ்சுவதற்காக அல்ல.

இதற்கிடையே வேறொரு பாதையும் திறந்திருக்கிறது. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனின் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகம், மூன்று தமிழ்நாட்டுத் திருமேனிகளை இந்தியாவிடம் ஒப்படைப்பதாக 2026 ஜனவரியில் அறிவித்தது. அவற்றில் ஒன்று திருத்துறைப்பூண்டிக் கோயிலில் 1957-ல் புகைப்படம் எடுக்கப்பட்ட சோழர் கால நடராஜர். அந்த நடராஜர் மட்டும், உரிமை இந்தியாவுக்கு மாறியபின், நீண்டகால இரவலாக வாஷிங்டனிலேயே காட்சிக்கு இருப்பார். அவர் எப்படிக் களவுபோனார் என்ற கதையும் பக்கத்திலேயே சொல்லப்படும் என்பது ஏற்பாடு.

வழிபாட்டுத் திருமேனி விஷயத்தில் இந்த ஏற்பாட்டை ஏற்க மனம் தயங்குகிறது. கோயிலில் அவருக்குப் பூசை உண்டு. காட்சிப்பெட்டி அதற்கு ஈடாகாது. ஆனால் துணிக்கும் காசுக்கும் வரைபடத்துக்கும் இதே ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டால் என்ன? உரிமை அங்கேயே இருக்கட்டும். காட்சி இங்கே வரட்டும்.

---
பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

• 1878-ம் ஆண்டு புதையல் சட்டம்: மண்ணில் புதைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு எடுத்துக்கொண்டால், பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தரப்படும். வரலாற்று மதிப்புக்கு விலை இல்லை.

• 1972-ம் ஆண்டு தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம்: நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. உள்நாட்டில் உரிமம் பெற்றவர் விற்கலாம். பொது இடத்தில் பாதுகாப்பது நல்லது என்று கருதினால், தொல்பொருளை மத்திய அரசு இழப்பீடு கொடுத்துக் கட்டாயமாகக் கையகப்படுத்தலாம்.

• தொல்பொருள் வைத்திருக்கும் தனியார், அதை மக்களுக்குக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இந்தச் சட்டத்தில் இல்லை.

• 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டம்: பெரிய நிறுவனங்கள் லாபத்தில் செலவிட வேண்டிய 2 சதவிகித சமூகப் பொறுப்பு நிதியை, பாரம்பரியம், கலை, பண்பாட்டுப் பாதுகாப்புக்கும் பயன்படுத்தலாம்.
---

ஏரி சொல்லித்தரும் முறை

எப்போதும் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதினால் பொருளே பாழாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சாயத் துணிக்கு வெளிச்சம் எமன். 50 லக்ஸ் அளவுக்கு மங்கிய ஒளியில், சில மாதங்கள் மட்டும் வெளியே வைத்துவிட்டு, பிறகு இருட்டறைக்குள் ஓய்வு கொடுப்பதே அருங்காட்சியகங்களின் வழக்கம். பழவேற்காட்டின் உப்புக்காற்றும் ஈரப்பதமும் அதற்கு மேலும் சோதனை. ஆகவே, இந்த ஊரின் துணிகளுக்கு நிரந்தரக் காட்சி பொருந்தாது. முறை வைத்துக் காட்டுவதே பொருந்தும்.

முறை வைப்பது பழவேற்காட்டு மீனவர்களுக்குப் புதிதல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்ற ஏற்பாடு தலைமுறைகளாக இருக்கிறது. ஏரியில் சுத்துவலை போட்டு இறால் பிடிக்கும் இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊர் கூடித் தீர்மானிக்கும். நல்ல மீன்பாடு உள்ள இடத்தை எவரும் நிரந்தரமாக வளைத்துக்கொள்ள முடியாது. இன்று உனக்கு, நாளை எனக்கு. மீறினால் ஊர் தண்டிக்கும். யாரும் தனக்கென்று பட்டா போட்டுக்கொள்ள முடியாத ஒரு செல்வத்தை எல்லோரும் பயன்படுத்துவது எப்படி என்ற கேள்விக்கு இந்தக் கரை கண்டுபிடித்த பதில் அது.

அருங்காட்சியக ஒப்பந்தங்களுக்கு இந்தப் பாடு முறை அப்படியே பொருந்துகிறது. பொருளை வாங்கியவர் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் காட்சிக்கு முறை இருக்க வேண்டும். டெல்லிக்கு ஒரு முறை, சென்னைக்கு ஒரு முறை என்றால், பொருள் பிறந்த ஊருக்கும் ஒரு முறை. மீறினால் தண்டம்.

பாடு முறையின் குறையையும் சேர்த்தே படிக்க வேண்டும். தலைக்கட்டு உள்ள குடும்பங்களுக்குத்தான் அதில் முறை. இதே ஏரியில் இடுப்பளவு நீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அதில் பங்கில்லை. பொதுமக்கள் என்று எழுதும்போதும் இதே ஆபத்து உண்டு. யார் உள்ளே, யார் வெளியே என்று தெளிவாகச் சொல்லாவிட்டால், வசதி படைத்தவர்களே பொதுமக்கள் ஆகிவிடுவார்கள். டெல்லி அருங்காட்சியகம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பது உண்மைதான். ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் உலை வைக்க யோசிக்கும் வீட்டுக்கு, அது திறந்திருந்தாலும் பூட்டியதற்குச் சமம்.

ஊருக்கு வந்தால் எங்கே வைப்பது?

இந்தக் கேள்விக்கு இன்று நேர்மையான பதில்: இடமில்லை. தரங்கம்பாடியில் டேனியர் கோட்டைக்குள் அரசு அகழ்வைப்பகம் இருக்கிறது. கீழடியில் கிடைத்தவற்றைக் கீழடியிலேயே பார்க்க 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இதே திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டியில் கற்காலக் கருவிகளுக்கு அகழ்வைப்பகம் உண்டு. சோழமண்டல டச்சு வணிகத்தின் தலைநகராக இருந்த பழவேற்காட்டுக்கு அப்படியோர் அரசு அருங்காட்சியகம் வாய்க்கவில்லை.

இதன் விளைவு வெறும் மனக்குறை அல்ல. இரவல் கேட்டால் எந்த அருங்காட்சியகமும் முதலில் கேட்பது: அறையின் ஈரப்பதம் எவ்வளவு, காவல் யார், காப்பீடு யார், தீயணைப்பு உண்டா? பதில் சொல்ல ஓர் அறை இல்லாத ஊருக்கு, உலகின் எந்த நிபந்தனையும் பொருளைக் கொண்டுவந்து சேர்க்காது. காட்சிக்கான உரிமை என்பது சுவரும் கூரையும் கேட்கும் உரிமை.

அதற்கு வழி இல்லாமலில்லை. பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளியிலிருந்து எண்ணூர் வரை துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் வரிசையாக நிற்கின்றன. முகத்துவாரம் தூர்ந்து, மீன்வளம் குறைந்து, இந்த மீனவர்கள் வாழ்வாதாரத்துக்குப் போராடிவரும் கடற்கரை இது. இங்கே தொழில் நடத்தும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, இங்கேயே செலவாவதுதான் முறை. அளவில் சிறிய, பத்திரமான ஒரு காட்சிக்கூடம் போதும். பளிங்கு மாளிகை தேவையில்லை.

அந்தக் கூடத்தில் வைக்க வெளிநாட்டை மட்டும் எதிர்பார்க்க வேண்டியதும் இல்லை. டச்சுக் கம்பெனி ஆவணங்களை 2003-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளவையும் அதில் அடங்கின. அவற்றின் நகல்கள் ஒரு சுவரை நிரப்பும். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலின் விரலளவு ராமாயணச் சிற்பங்கள், 1515-ல் போர்த்துக்கீசியர் தொடங்கிய மகிமை மாதா ஆலயம், பள்ளிவாசல்கள், பனையோலையில் கூடை முடையும் லெப்பைப் பெண்களின் கைவேலை, சுத்துவலை, இருளரின் பறி ஆகிய எல்லாம் கூடத்துக்கு வெளியே உயிரோடு இருக்கின்றன. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் நினைவுக்கும் அங்கே ஒரு சுவர் வேண்டும். துணியின் அழகை மட்டும் காட்டி மனிதர்களை மறைக்கும் அருங்காட்சியகம் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

ஃபிளமிங்கோ பார்க்க வரும் சென்னைக்காரர்கள் படகில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊரின் வரலாற்றைச் சொல்ல ஓர் இடம் இருந்தால் அவர்கள் இன்னும் அரை நாள் தங்குவார்கள். வழிகாட்டியாக, காவலராக, கைவினை விற்பவராக, ஊரிலேயே சிலருக்கு வேலை கிடைக்கும். அதைவிட முக்கியமானது பள்ளிப் பிள்ளைகள். தங்கள் ஊர்த் துணி ஐரோப்பிய வீடுகளின் கட்டிலை அலங்கரித்தது என்பதைக் கண்ணால் பார்த்து வளரும் பிள்ளை, தன் ஊரைப் பின்தங்கிய மீனவக் குப்பம் என்று யாரும் சொல்ல விடாது.

நிபந்தனையில் என்ன எழுத வேண்டும்?

இத்தனை அனுபவங்களும் ஐந்து வரிகளுக்குள் அடங்கும்.

ஒன்று, இடம். பொதுமக்கள் பார்வைக்கு என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று எழுத வேண்டும். பொருள் பிறந்த ஊர் அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இரண்டு, காலம். ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று முடியக் கூடாது. பொருள் கைமாறினால் நிபந்தனையும் அதோடு கூடவே போக வேண்டும்.

மூன்று, கட்டணம். சொந்த ஊர்க்காரர்களுக்கும் மாணவர்களுக்கும் அனுமதி இலவசம்.

நான்கு, தண்டம். வாக்கை மீறினால் வரிச்சலுகை பறிபோக வேண்டும். பொருளை அரசு எடுத்துக்கொள்ளும் உரிமை வேண்டும். 1972 சட்டத்தில் அதற்கு ஏற்கெனவே இடமிருக்கிறது.

ஐந்து, பதிவு. பொருளின் படமும் விவரமும் எங்கே இருக்கிறது என்ற தகவலும் யாரும் பார்க்கும்படி, தமிழிலும், பொதுப் பட்டியலில் இருக்க வேண்டும். பொருளைத் தர முடியாதவர்கள் குறைந்தது அதன் படத்தையாவது உரிய ஊருக்குத் தரட்டும்.

அருங்காட்சியகங்கள் விற்கவே கூடாது என்று சொல்வது எளிது. கூரை ஒழுகும் அருங்காட்சியகத்துக்கு அது உதவாது. விற்பனை நடக்கத்தான் போகிறது. விற்ற பணம் சம்பளத்துக்கும் கட்டடத்துக்கும் போகாமல், தொகுப்பின் நன்மைக்கே போக வேண்டும் என்கிறது உலக அருங்காட்சியக அமைப்பின் நெறிமுறை. சந்தைக்கு முன் மற்ற அருங்காட்சியகங்களைக் கேட்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அந்த வரிசையில் பொருள் பிறந்த ஊரையும் சேர்க்கச் சொல்வது நியாயமான கோரிக்கைதான்.

தமிழ்நாடு அரசு செய்ய வேண்டிய முதல் வேலை, வெளிநாட்டுத் தொகுப்புகளில் உள்ள சோழமண்டலக் கரைப் பொருள்களின் பட்டியலைத் தொகுப்பது. இரண்டாவது, பழவேற்காட்டில் ஒரு காட்சிக்கூடத்துக்கு இடம் ஒதுக்குவது. இரண்டும் முடிந்தால், நெதர்லாந்திடமும் லண்டனிடமும் போய் முறை கேட்கலாம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனி எந்த அரும்பொருளாவது ஏலத்தில் மீட்கப்பட்டது என்ற செய்தியைப் படித்தால், கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்த ஊரில் வைப்பார்கள்? எத்தனை காலம் வைப்பார்கள்? வைக்காவிட்டால் என்ன ஆகும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால், அந்தப் பொருள் இன்னும் மக்களிடம் வந்து சேரவில்லை.